நவம்பரில் கட்டச் சொன்ன முழு வருடம்

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு செப்டெம்பர் காலையில். இத்தாலியில், லிபெர்த்தா என்ற பணக்காரப் பகுதியில் ஒரு வக்கீல் வீட்டின் ஐந்தாம் மாடியில், ஏணியில் நின்று திரைச்சீலை கழற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வீட்டில் பதினோரு வருடம் வேலை செய்திருந்தார். சமைத்தார், பரிமாறினார், வக்கீலின் படுக்கையில் கிடந்த தகப்பனைக் கடைசி நாள்வரை குளிப்பாட்டினார். அன்றைக்கு அவர் ஏணியிலிருந்து விழவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, கழற்றிய சீலையை மடித்து வைத்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டு எசமானி இதை ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "எவ்வளவு ஒழுங்கான மனிதன்!" என்றாள். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. பயம்தான் இருந்தது. கோபம் பிறகு வந்தது, வந்தது போகவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் யாரென்று பார்க்காமல் எடுப்பார்கள். பதினேழு நாள் வைத்திருந்து, பாரம் தூக்கக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, நாளுக்கு இத்தனை மாத்திரை, மாதம் ஒருமுறை பரிசோதனை என்று எழுதிய கடதாசியோடு அனுப்பினார்கள். அதற்குள் வக்கீல் வீட்டில் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் கோயில் பங்கிலேயே இருந்த இளம் ஆள். எசமானி என் கணவரை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, காசு வைத்த ஓர் உறையையும் வக்கீலின் பழைய ஓவர்கோட்டையும் கொடுத்து வழியனுப்பினாள்.

அந்த நாட்டில் வைத்தியம் எல்லாருக்கும் இலவசம் என்று ஊரில் இருப்பவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு சின்னப் புத்தகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. லிப்ரெத்தோ என்போம். வேலை கொடுப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குப்பணம் கட்டினால் உனக்கு லிப்ரெத்தோ உண்டு. அது இருந்தால் குடும்ப வைத்தியர் உண்டு, அவர் எழுதுகிற மருந்துக்கு விலையில் ஒரு பங்கு கட்டினால் போதும். வேலை போனால் புத்தகம் காலாவதி. என் பெயரும் அவருடைய புத்தகத்தில்தான் இருந்தது. மகள் ஜெர்மனியில் கல்யாணம் முடித்துப் போய்விட்டதால் அவளைப் பற்றிக் கவலை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியே விழுந்தோம்.

நவம்பர் நடுவில் சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மாண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். என் இத்தாலி மொழி அடுப்படி மொழி, ஆனாலும் கணவருடையதைவிட வேகமானது. அதனால் நான்தான் பேசினேன்.

"வேலை இல்லையென்றால் நீங்களே பணம் கட்டிப் பதியலாம்" என்றாள். "போன வருடம் அவருக்கு எவ்வளவு வருமானம்?"

சொன்னேன். அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டாள்.

"போன வருடம் சம்பளம் இருந்தது. இப்போது ஒரு லீராவும் இல்லையே" என்றேன்.

"சட்டம் போன வருடத்தைத்தான் கேட்கிறது."

காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். நான் வீட்டுவேலை செய்து எடுக்கிற ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதையும் விழுங்கிக்கொண்டேன். வருடத்துக்கு ஒருமுறைதானே, எப்படியும் பிரட்டலாம் என்று நினைத்தேன். "அப்படியென்றால் அடுத்த நவம்பர்வரை கவலையில்லை" என்றேன்.

"இல்லை, டிசம்பர் முப்பத்தொன்றுவரை."

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து விரல்களில் எண்ணிக் கேட்டேன். நவம்பர், டிசம்பர், இரண்டு மாதமா? இரண்டு மாதம்கூட இல்லை, ஆறு கிழமை என்று அவளே திருத்தினாள். கட்டுவது முழு வருடத்துக்கு. எந்த மாதத்தில் வந்தாலும் பணம் ஒன்றுதான், பிரித்து வாங்க வழியில்லை. ஜனவரியில் திரும்ப முழுதாகக் கட்ட வேண்டும்.

"ஒரு மனுஷன் ஜனவரி முதலாந் திகதி பார்த்து வருத்தக்காரன் ஆகவேணுமோ?" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன், இத்தாலியில் வரவில்லை. அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.

கணவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "கத்தாதையும். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்!"

எங்களை அனுப்பிவைக்கிற அவசரத்தில் அவள் இன்னொரு வழியும் சொன்னாள். வேலை தேடுவோர் பதிவு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அந்தத் துண்டைக் கொண்டுவந்தால், ஒன்றும் கட்டாமல் புத்தகத்தைப் புதுப்பிக்கலாமாம்.

அடுத்த கிழமை அங்கே போனோம். காலை ஏழு மணிக்கே வரிசை. வரிசையில் நின்றவர்கள் அநேகமாக எங்கள் மகளின் வயதுக்காரர். என் கணவர் வக்கீலின் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் மாதிரி நின்றார். எங்கள் முறை வந்ததும் எழுதுவினைஞன் பெயர், பிறந்த திகதி, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியின் இலக்கம் எல்லாம் எழுதிக்கொண்டு போனான். முடியப்போகிறது என்று எனக்கு மூச்சு வந்தது.

"எந்த வேலை கொடுத்தாலும் செய்வாயா?" என்று கேட்டான். கேள்விகூட இல்லை, பேனை ஏற்கெனவே அடுத்த கட்டத்தில் இருந்தது.

"பாரம் தூக்க முடியாது" என்றார் என் கணவர். "ஏணியிலும் ஏற முடியாது." அதோடு விடாமல், ஓவர்கோட்டின் உள்பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடதாசியை எடுத்து, விரித்து, அவன் முன்னால் வைத்தார்.

அவன் கடைசி வரிவரை வாசித்தான். பேனையை மூடினான். "வேலை செய்ய முடியாதவரை வேலை தேடுபவர் என்று நான் எப்படி எழுதுவது?"

"அப்படியானால் வேலை செய்ய முடியாதவர் என்று எழுதுங்கள்" என்றேன்.

"அதற்கு வேறு அலுவலகம். அங்கே இத்தாலியர்களுக்குத்தான் உதவி கொடுப்பார்கள்."

வெளியே படிக்கட்டில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். முன்னும் பின்னும் ஆட்கள் ஏறி இறங்கினார்கள்.

"உங்களை ஆர் அந்தக் கடதாசியைக் காட்டச் சொன்னது?"

"அவன் கேட்டவன். சொன்னனான்."

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வாய் புழுத்திருமோ?"

"நாளைக்கு ஒரு மேசனிட்டை அனுப்பிச் சீமெந்து மூட்டை தூக்கச் சொன்னா, நீர் வந்து தூக்குவீரோ?"

அவர் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மூன்றாவது வழியைச் சொன்னது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் இருந்த சிசிலிப் பெண். கட்டைத் தலைமயிர், தொடர்ந்து சிகரெட். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவரை விடுங்கள். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

நான் ஆறு வருடமாக ஒரு பேராசிரியரின் விதவை வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலை எட்டிலிருந்து மாலை நாலுவரை, கிழமையில் ஆறு நாள். ஒரு கடதாசியிலும் என் பெயர் இல்லை.

"அவள் உங்களைச் சட்டப்படி பதிந்தால் உங்களுக்கு ஒரு புத்தகம் வரும். உழைப்பில்லாத கணவரை அதில் சேர்க்கலாம். அவருக்கு வயது எத்தனை, நெஞ்சு எப்படி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்" என்றாள்.

இவ்வளவு லேசான வழி இருந்திருக்கிறது. இன்னொருத்தியின் ஒரு கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாற்கந்தோரில் கட்ட வேண்டிய ஒரு தொகை. அவள் தன் நாய்க்கு முடிவெட்டக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட.

அந்த விதவையை நான் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன்; அடுத்த நாள் அவள் காலைக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"எங்களுக்குள் எதற்குக் கடதாசி? நீ இந்த வீட்டுக் குடும்பம். என் கணவர் போனபோது நான் யாரைக் கட்டிப்பிடித்து அழுதேன்?"

என்னைத்தான். நானும் அழுதேன், உண்மையாகவே அழுதேன். அவள் தொடர்ந்தாள். அவளுடைய மச்சான் ஒருவர் நகரத்திலேயே பெயர்போன இதய வைத்தியராம். உன் கணவரை அனுப்பு, ஒரு காசும் எடுக்கமாட்டார், எனக்காகச் செய்வார் என்றாள். அப்போதே தொலைபேசியை எடுத்து நாளும் வைத்துவிட்டாள். எனக்கு உரிமையாக வரவேண்டிய ஒன்றுக்கு மேலே இந்த உபகாரத்தைப் போட்டு மூடினாள். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் கொதிக்கிறது.

கணவருக்குச் சந்தோசம். "பாத்தீரோ? அன்பா இருந்தா எல்லாம் நடக்கும். நீர்தான் கத்திக்கொண்டு திரியிறீர்."

அந்த வைத்தியர் நல்ல மனிதர். முக்கால் மணித்தியாலம் பார்த்து, மூன்று மருந்து எழுதினார். எழுதியது தன் பெயர் அச்சடித்த வெள்ளைத் தாளில். வியா மக்வேதா தெருவில் இருந்த மருந்துக்கடைக்காரி அதைப் பார்த்துவிட்டு, "இது தனியார் சீட்டு. முழு விலை" என்றாள். புத்தகம் உள்ளவர்களுக்குக் குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுக்கும் அரசாங்கச் சீட்டு இருந்தால்தான் குறைவிலை. வாங்கினோம். அடுத்த மாதமும் வாங்கினோம். விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன், அவரும் தலையாட்டினார்.

பெப்ரவரியில் ஒருநாள் குளியலறை அலுமாரியைத் துடைத்தேன். அவருடைய சவர பிளேட் ஒன்றில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. திறந்தால் உள்ளே பாதி மாத்திரைகள், பஞ்சு வைத்து ஒழுங்காக அடுக்கியிருந்தன.

தீப்பெட்டியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"எவ்வளவு நாளா?"

"நத்தாருக்குப் பிறகு." அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒருநாள் முழுசு, ஒருநாள் பாதி. ஒண்டும் செய்யேல்லைத்தானே. நல்லாத்தானே இருக்கிறன்."

"டொக்டர் பாதி போடச் சொன்னவரோ?"

"நீர் உழைக்கிறதெல்லாம் என்ரை வாய்க்குள்ளையோ போறது?"

அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை. என் கோபம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. தொழிற்சங்கப் பெண்ணிடம் போய், நிரப்பவேண்டிய படிவத்தை வாங்கி, அவளைக் கொண்டே நிரப்பினேன். ஒரு கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அந்த ஞாயிறு சிஞ்ஞோராவின் பெயர்நாள், அவள் பெயருக்குரிய புனிதரின் திருநாள். பன்னிரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. முதல்நாளே இறைச்சிக் குழம்பு காய்ச்சி, கத்தரிக்காய் பொரித்து வைத்திருந்தேன். மோதிர வடிவ மாக்கரோனியை அவித்து, அடுக்கி, அடுப்பில் வைப்பதுதான் மிச்சம். அதை அவள் வீட்டில் என்னைவிட வேறு ஒருவரும் செய்யமாட்டார்கள். பத்து மணிக்குப் போனேன். மேற்சட்டையைக் கழற்றாமல் அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்தேன். படிவத்தை மேசையில் வைத்தேன்.

"இது என்ன?" என்றாள்.

"கையெழுத்துப் போடுங்கள். பிறகு சமைக்கிறேன்."

முதலில் சிரித்தாள். நான் எழும்பவில்லை. பிறகு அழுதாள். இந்த நாளில், விருந்தாளிகள் வருகிற நேரத்தில், கழுத்தில் கத்தி வைக்கிறாயா என்றாள். என் மச்சானிடம் எத்தனை பேர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், உன் புருஷனை அடுத்த நாளே பார்த்தாரே, அதற்கு இதுதான் கைம்மாறா என்றாள். கடைசியில், "சாப்பாடு முடியட்டும், பின்னேரம் பார்ப்போம்" என்றாள்.

அந்தப் பின்னேரத்தை நான் ஆறு வருடமாகப் பார்த்திருந்தேன். சம்பள உயர்வு கேட்டபோதும், ஊரில் தாய் செத்த செய்தி வந்து இரண்டு நாள் லீவு கேட்டபோதும் அதே பின்னேரம்தான். எழும்பினேன். வீட்டுச் சாவியைப் படிவத்துக்குப் பக்கத்தில் இருந்த உப்புக் கிண்ணத்தில் போட்டேன். படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லிப்டில் இறங்கும்போது கோபம்தான் இருந்தது. தெருவுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. வீட்டில் இப்போது உழைக்கிறவர் ஒருவரும் இல்லை.

"நீர் பிழை விட்டிட்டீர்" என்றார் கணவர். ஆனால் அன்றிலிருந்து என் கண்முன்னால் முழு மாத்திரையை விழுங்கினார். அதற்கு என் காதில் இருந்த தோடு போனது.

ஐந்து கிழமைக்குப் பிறகு ஒரு வேலை கிடைத்தது. புருஷனும் பெண்சாதியும் ஆசிரியர்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள். லிபெர்த்தா மாதிரிப் பணக்காரப் பகுதியில்லை, வீடும் சின்னது. இரண்டாம் நாளே அந்த ஆசிரியை என் பெர்மெஸ்ஸோவைக் கேட்டாள், பதியவேண்டும் என்று. நான் கேட்கவில்லை. அவளாகவே கேட்டாள். நான் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு சுகமாகச் செய்யக்கூடிய ஒன்றுக்காகவா என் மனுஷன் பிளேட்டால் மாத்திரை வெட்டினார்? மே மாதம் என் பெயரில் புத்தகம் வந்தது. அவருடைய பெயர் அதன் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

இதற்கிடையில் தொழிற்சங்கப் பெண், என்னை ஆறு வருடம் பதியாமல் வைத்திருந்ததற்காக விதவைமீது முறைப்பாடு போட்டிருந்தாள். இணக்கப் பேச்சுக்கு விதவை தன் கணக்காளரோடு வந்தாள். நான் அவள் வீட்டுக்கு வேலைக்கு வரவில்லை, துணைக்கு வந்து போனவள் என்று முதலில் சொன்னார் கணக்காளர். ஒருநாளைக்கு எட்டு மணித்தியாலம் துணையா என்று தொழிற்சங்கப் பெண் கேட்டதும் வேறு பாதையில் வந்தார். கையில் ஒரு தொகை தருகிறோம், அதோடு முடித்துக்கொள்வோம் என்றார். பெரிய தொகை. அதில் பாதியைத்தான் சட்டப்படி கேட்டால் கையில் எடுக்கலாம், மிச்சம் என் பென்சனுக்கான பங்குப்பணமாக அரசாங்கத்துக்குப் போகும் என்று தொழிற்சங்கப் பெண் எனக்கு விளக்கினாள். "முடிவு உங்களுடையது" என்றாள்.

வெளியே வாங்கில் இருந்த கணவரிடம் போய்ச் சொன்னேன்.

"காசை வாங்கும். கண்ட காசு அது. மற்றது ஆற்றை கைக்குப் போகுமோ ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்குப் பதினொரு வருசம் கட்டினவை. பென்சனுக்குக் காணாது எண்டு சொல்லிப்போட்டாங்கள். எனக்கு அந்த ஆறு வருசமும் வேணும்."

உள்ளே போய், கட்டவேண்டியதை எல்லாம் கட்டட்டும் என்றேன். விதவை முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"உனக்கு விசரா? அது உன் கைக்கு வராதே!"

"எனக்கு வயதாகும்போது வரும், சிஞ்ஞோரா."

அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வயதாகும் என்ற நினைப்பு அவளுக்கு ஒருநாளும் வந்திருக்கவில்லை. ஆறு வருடம் என் கையால் சாப்பிட்டவள். கணக்காளர் நீட்டிய பேனையை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். குடும்ப வைத்தியரின் அறைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. அறுபது வயது தாண்டியவர்கள் மருந்துக்கும் பரிசோதனைக்கும் நோயாளி பங்கு கட்டத் தேவையில்லை என்று. திக்கெத் என்பார்கள் அந்தப் பங்கை. என் கணவர் ஒவ்வொருமுறையும் அதை வாசிப்பார். அவருக்கு அறுபதுக்கு ஒரு வருடம், பிறகு எட்டு மாதம், பிறகு நாலு மாதம். ஒரு ஜனவரியில் போனபோது அறிவித்தல் புதிதாக இருந்தது. அறுபத்தைந்து என்று போட்டிருந்தது. அவர் அதன் முன்னால் நின்று இரண்டுதரம் வாசித்தார். பென்சன் வயதும் அந்த வருடங்களில் ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் அன்றைக்கும் பங்கைக் கட்டி, மருந்தை வாங்கி, பஸ் ஏறி வந்தார். ஐந்து வருடமும் அப்படியே கட்டினார். அவருக்குப் பதிலாக நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபத்தைந்து ஆன கிழமை மருந்துக்கடைக்குத் தனியாகப் போனவர் இரண்டு மணித்தியாலமாக வரவில்லை. நான் பயந்துபோய்த் தேடிக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்காரி ஒன்றும் கட்டத் தேவையில்லை என்றாளாம். இவர் நகரவில்லை. "அப்படியென்றால் நான் ஐந்து வருடமாகக் கட்டியதை எங்கே போய்க் கேட்பது?" என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பகிடி விடுகிறார் என்று நினைத்து வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். நான் போனபோது அவர் அவர்கள் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, தன் அரைகுறை இத்தாலியில் உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை இழுத்துக்கொண்டு வரத் தோன்றவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. திரும்ப எழுதினார். எழுத்துப்பிழைகளை அந்த ஆசிரியை திருத்திக் கொடுத்தாள். அதற்கும் பதில் இல்லை. எழுபத்தொரு வயதுவரை இருந்தார். அதற்குள் ஒன்பது கடிதம் எழுதினார். பத்தாவதை நான் எழுதினேன்.